வாங்கி விடுவதா, தங்க வைப்பதா? பூச்சியைத் தின்னும் பூச்சிகளை நம் பக்கம் சேர்க்க ஐந்து வழிகள்

அவரைக் கொடியின் நுனித் தளிர் ஒன்றைத் திருப்பி, கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அசுவினிகள் தலையைக் கவிழ்த்து, ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செருகியபடி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே கால் இல்லாத, பச்சையும் பழுப்புமாக ஒரு புழு மெல்ல ஊரும். அதற்குக் கண்ணும் கிடையாது. தலையை இடமும் வலமும் ஆட்டித் துழாவும். அசுவினி ஒன்றின் மேல் பட்டதும் கவ்வி, தண்டிலிருந்து பிடுங்கி, அந்தரத்தில் தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலை வீசும். இது சிர்ஃபிட் ஈயின் புழு. பக்கத்திலேயே ஒரு அசுவினி மட்டும் உப்பி, காகிதம் போல வெளிர் பழுப்பாகி அசையாமல் கிடக்கும். அதற்குள் ஒரு ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்ந்துகொண்டிருக்கிறது.

செடி, செடியைத் தின்பது, அதைத் தின்பது என மூன்று அடுக்கும் அந்த ஒரு அங்குலத்துக்குள் இருக்கின்றன. மூன்றாவது அடுக்கை நம் பக்கம் சேர்த்துக்கொள்ள வழிகள் ஐந்து. ஒன்றும் செய்யாமல் அவை தாமாக வரும்வரை பொறுப்பது. வளர்த்து விற்கப்படுபவற்றை வாங்கிச் செடியில் விடுவது. பூ, புல், மாற்று இரை என்று ஏற்பாடு செய்து தங்க வைப்பது. வாசனைப் பொருள் வைத்து அழைப்பது. அவற்றுக்குத் தோதான செடியையே தேர்ந்தெடுப்பது.

இவற்றில் எதை எடுப்பது என்று யோசிக்கும்போது பலரும் கேட்பது, "இது ஒரு நாளைக்கு எத்தனை பூச்சி தின்னும்?" என்றுதான். எனக்கு அது இரண்டாம்பட்சம். முதலில் கேட்க வேண்டியது வேறு: தின்னப் பூச்சி கிடைக்காத நாட்களில் அது எதைத் தின்று உயிரோடிருக்கும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் ஐந்து வழிகளில் மூன்று தானாகவே கழிந்துவிடும்.

பூச்சிமருந்தை ஆறாவது வழியாகச் சேர்க்கவில்லை. இத்தாலியக் கணிதவியலாளர் விட்டோ வோல்டெரா 1926-லேயே கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது: இரையையும் இரைவிழுங்கியையும் ஒரே விகிதத்தில் கொன்றுகொண்டே இருந்தால், சராசரியில் இரை கூடும், இரைவிழுங்கி குறையும். அவர் யோசித்தது கடல் மீன்களைப் பற்றி. ஆனால் 1940-களில் கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளில் டிடிடி பூச்சிமருந்து வந்தபோது நடந்ததும் அதேதான். அரை நூற்றாண்டாக ஒரு பொறிவண்டு அடக்கி வைத்திருந்த பஞ்சுச் செதில் பூச்சி, பொறிவண்டு செத்ததும் மறுபடி தோப்பெங்கும் கிளம்பியது. எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்துக்கொண்டே இந்த ஐந்தில் எதைச் செய்தாலும் காசுக்குக் கேடு.

பொறுத்திருப்பது

கேட்பதற்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும் இந்த வழிக்குப் பின்னால் பெரிய வாதம் ஒன்று உண்டு. 1960-இல் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபோட்கின் என்ற மூன்று அமெரிக்க உயிரியலாளர்கள் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: இத்தனை கோடி பூச்சிகள் இருந்தும் உலகம் ஏன் பச்சையாகவே இருக்கிறது? இலை தின்பவற்றை, அவற்றைத் தின்பவை அடக்கி வைத்திருக்கின்றன என்பது அவர்கள் சொன்ன பதில். செடிகளின் சொந்த நச்சும் நாரும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்று பிறகு பலர் திருத்தம் சொன்னார்கள். அது நியாயமான திருத்தம்தான். ஆனாலும் மருந்து படாத ஒரு செடியில் பெரும்பாலான பூச்சிகள் பெருகி ஆளாவதற்கு முன்பே செத்துப்போகின்றன என்பதில் சந்தேகமில்லை.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. வெப்பமான நாட்களில் அசுவினிப் பெண் ஆண் துணையே இல்லாமல் நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஏழிலிருந்து பத்து நாளில் தானும் தாயாகிவிடும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாக இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். அதுவும் அசுவினிக் கூட்டம் ஓரளவு சேர்ந்த பிறகுதான் பக்கத்தில் வந்து முட்டையிடும், ஏனென்றால் பிள்ளைகளுக்குத் தீனி வேண்டும். ஆக முதல் இரண்டு வாரம் நம் கண்ணுக்கு அசுவினி பெருகுவது மட்டும்தான் தெரியும். பொறுமை போய் மருந்தைக் கையில் எடுக்கும் நாளும், பொறிவண்டு முட்டைகள் பொரியும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக வந்து அமைகின்றன.

அதனால் பொறுப்பவர் அசுவினியை எண்ணக் கூடாது. எதிரிகளை எண்ண வேண்டும். இலையின் அடியில் நெட்டுக்குத்தாக, கொத்தாக நிற்கும் மஞ்சள் முட்டைகள் பொறிவண்டுடையவை. மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் முட்டை, அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. மேலே சொன்ன உப்பிய பழுப்பு அசுவினிகள் குளவியின் வேலை. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இவை கூடிக்கொண்டே போனால் பொறுக்கலாம். ஒரு வாரம் கழிந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால் பொறுத்துப் பயனில்லை.

பொறுத்திருப்பது ஏன் சில இடங்களில் அப்படி அழகாக வேலை செய்கிறது என்பதற்கு நீர் தேங்கிய நெல்வயலை விடத் தெளிவான இடம் கிடையாது. ஜாவாத் தீவின் வயல்களை ஆராய்ந்து செட்டில் என்பவரும் கூட்டாளிகளும் 1996-இல் எழுதியது இது: நடவு முடிந்த கையோடு, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வந்து சேரும் முன்பே, வயலில் சிலந்திகளும் மற்ற இரைவிழுங்கிகளும் நிறைய இருக்கின்றன. அந்த நேரத்தில் அவை எதைத் தின்கின்றன? மட்கும் வைக்கோலையும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்று வளரும் சிறு பூச்சிகளை. கொசுவின் உறவான, கடிக்காத சிறு ஈக்கள், ஸ்பிரிங்டெயில்கள் போன்றவை. இவற்றால் பயிருக்கு எந்தத் தீங்கும் இல்லை. வயலில் மட்கும் பொருள் கூடினால் இவை கூடுகின்றன, இவை கூடினால் ஓநாய்ச் சிலந்தி கூடுகிறது. புகையான் வந்து இறங்கும்போது பசித்த கூட்டம் ஏற்கெனவே காத்திருக்கிறது. நடவானதும் மருந்தடித்தால் இந்தக் கூட்டம் போய்விடும். தண்டுக்குள் பத்திரமாக வைக்கப்பட்ட புகையான் முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு புகையானுக்குக் கொண்டாட்டம். இந்தோனேசிய அரசு 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்குப் பின்னால் இருந்த காரணம் இதுதான்.

பொறுக்கவே கூடாத இடங்களும் உண்டு. அசுவினி வைரஸ் நோயைப் பரப்பும் பயிர் என்றால், சில வகை வைரஸை அது ஒரு சில நொடிக் கடியிலேயே ஏற்றிவிடும். பொறிவண்டு அந்த அசுவினியை மறுநாள் தின்று என்ன பிரயோசனம்? நாற்றுப் பருவச் செடி, தண்டுக்குள் புகுந்துவிட்ட துளைப்பான் புழு, இவற்றிலும் காத்திருப்பு கைகொடுக்காது.

வாங்கி விடுவது

இந்த வழியைப் பற்றிப் பேசும்போது மூடிய இடம், திறந்த வெளி என்று பிரித்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் ஒருவர் "அற்புதம்" என்கிறார், இன்னொருவர் "ஏமாற்று" என்கிறார்.

மூடிய பசுமைக்குடிலில் இது நிஜமாகவே நன்றாக வேலை செய்கிறது. 1958-இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஒரு சிவந்த சிறு உண்ணி (மற்றச் சிற்றுயிர்களைத் தின்னும் எட்டுக்கால் உயிர்) வந்து சேர்ந்தது: ஃபைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். செடிச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப் பேனை மட்டுமே தின்னும் இது, இரையை விட வேகமாகப் பெருகும்; ஒரு நாளைக்குச் சுமார் 20 பேன் முட்டைகள் வரை தின்னும். இலையில் வலை பின்னிய சிலந்திப் பேன் கூட்டத்துக்குள் இதை விட்டால், சில வாரங்களில் அங்கே ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பிறகு இதுவும் மிஞ்சாது, பட்டினியில் செத்துவிடும். அடுத்த முறை பேன் வந்தால் மறுபடி வாங்க வேண்டும். காற்று மிகவும் வறண்டிருந்தால் அதன் முட்டைகள் சுருங்கிப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிர் அம்பிளிசியஸ் ஸ்விர்ஸ்கி. வெள்ளை ஈயின் முட்டையையும் இலைப்பேன் குஞ்சுகளையும் தின்னும் இந்த உண்ணி, அவை இல்லாதபோது மகரந்தத்தைத் தின்று பிழைக்கும். அதனால் குடைமிளகாய் பூக்கத் தொடங்கியதும், பூச்சி வருவதற்கு முன்பே விட்டு வைக்கலாம். ஒரைஸ் என்ற சிறு நாவாய்ப்பூச்சியும் அப்படித்தான். தின்னும் வேகத்தை மட்டும் பார்த்தால் பெர்சிமிலிஸ் முந்தும். ஆனால் பூச்சி வந்த பிறகு அடக்குவதற்குப் பெர்சிமிலிஸ், வராமல் காப்பதற்கு ஸ்விர்ஸ்கி. எதை வாங்குவது என்பது, பூச்சி ஏற்கெனவே வந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. விற்பவர்கள் இதை முதலில் சொல்ல மாட்டார்கள்.

திறந்த வெளிக்குப் போனால் படம் மாறுகிறது. அமெரிக்காவில் விற்கப்படும் ஹிப்போடாமியா கன்வெர்ஜென்ஸ் என்ற பொறிவண்டு பெரும்பாலும் வளர்க்கப்படுவதில்லை. சியரா நெவாடா மலைகளில் உறக்க காலத்துக்காகக் கூட்டமாக ஒதுங்கும் வண்டுகளை அப்படியே அள்ளி விற்கிறார்கள். உறக்கம் கலைந்ததும் பறந்து கலைவதுதான் அவற்றின் இயல்பு. அசுவினி நிறைந்த செடியில் விட்டாலும் பெரும்பகுதி சில நாட்களில் பறந்துபோகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லது செய்த திருப்தி மட்டும் மிஞ்சும்.

பறக்க முடியாத பருவத்தை வாங்குவது கொஞ்சம் புத்திசாலித்தனம். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் அப்படிப்பட்டவை. ஆனால் அவற்றை ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் ஒன்றையொன்று தின்னும். செடிக்குச் செடி தள்ளித் தள்ளி விட வேண்டும். எறும்பு இல்லாத செடியாகவும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இது பணத்தைப் பற்றியது அல்ல. எது விற்கப்படுகிறதோ அது அந்த மண்ணுக்குரியதா என்று கேளுங்கள். அசுவினிக்காக வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடப்பட்ட ஆசியப் பொறிவண்டு ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸ், உள்ளூர்ப் பொறிவண்டுகளின் முட்டைகளையும் புழுக்களையும் சேர்த்துத் தின்றது. 2004-இல் அது இங்கிலாந்தை எட்டிய பிறகு அங்கே பல உள்ளூர் இனங்கள் குறைந்தன. யாரும் அதைத் திரும்ப அழைக்க முடியவில்லை.

வெளிநாட்டு எதிரியைக் கொண்டுவருவது எப்போதும் தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. மேலே சொன்ன பஞ்சுச் செதில் பூச்சியே ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஒட்டிக்கொண்டு வந்ததுதான். 1888-89-இல் ஆல்பர்ட் கெபெலே ஆஸ்திரேலியாவுக்கே போய் அதைத் தின்னும் வெடாலியாப் பொறிவண்டை அனுப்பி வைத்தார். ஓரிரு வருடங்களில் தோப்புகள் மீண்டன. வெடாலியாவின் பலம், அது அந்த ஒரு செதில் பூச்சியை விட்டால் வேறெதையும் பெரிதாகத் தொடாது என்பது. ஹார்மோனியா கிடைத்ததையெல்லாம் தின்னும். சோதித்துப் பார்த்து, தனிமைப்படுத்தி வைத்து, அரசு ஆய்வு நிலையங்கள் எடுக்க வேண்டிய முடிவு இது. தனி ஆளின் தோட்டத்து முடிவாக இதை வைக்கவே கூடாது.

தங்க வைப்பது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் "பூச்செடி நடுங்கள், எல்லாம் சரியாகும்" என்ற வடிவத்தில் இல்லை.

சிர்ஃபிட் ஈயின் புழுதான் அசுவினியைத் தின்கிறது. ஈ தின்பது தேனும் மகரந்தமும். முட்டை முதிர அதற்கு மகரந்தம் வேண்டும். ஒட்டுண்ணிக் குளவிகளும் தேன் கிடைத்தால் பல நாள் கூடுதலாக வாழும். ஆனால் இவற்றின் வாய் குட்டையானது. நீண்ட குழல் உள்ள பூவின் அடியில் தேன் இருந்து என்ன, எட்டாது. கொத்தமல்லி, சோம்பு போல் குடை விரித்துப் பூக்கும் சிறு பூக்கள், அலிசம், பக்வீட் போன்றவை எட்டும். கண்ணுக்கு அழகான அடுக்குப் பூக்களில் பல, இந்த வேலைக்கு வெறும் அலங்காரம். தட்டைப்பயறு, பருத்தி, ஆமணக்கு போன்றவை பூவுக்கு வெளியே, காம்பிலும் இலையடியிலும் தேன் சுரக்கின்றன. பூக்காத நாளிலும் அது கிடைக்கும். பூவின் தேனைத் தின்பூச்சிகளின் (பயிரைத் தின்பவை) தாயான அந்துப்பூச்சியும் குடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. உருளைக்கிழங்கு அந்தை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த சோதனைகளில், சில பூக்கள் குளவிக்கும் அந்துக்கும் ஒரே மாதிரி விருந்து வைத்தன.

பூவுக்கு இணையாக இருப்பிடமும் முக்கியம். இங்கிலாந்தில் 1980-களின் பிற்பகுதியில் பெரிய வயல்களின் நடுவே மேடு எழுப்பி, அடர்த்தியாகக் குத்துக்குத்தாக வளரும் புல்லை விதைத்தார்கள். குளிர்காலம் முழுக்கத் தரை வண்டுகளும் சிலந்திகளும் அந்தப் புல்லடியில் ஒதுங்கிக் கிடந்து, வசந்தத்தில் வயலின் நடுவிலிருந்தே வேட்டைக்குக் கிளம்பின. வரப்பிலிருந்து நடந்து வந்து சேர்வதற்குள் அசுவினி பெருகிவிடும் என்ற தொல்லை தீர்ந்தது.

குடிலுக்குள் இதே யோசனையின் இன்னொரு வடிவம் உண்டு. தொட்டிகளில் வாற்கோதுமையை வளர்த்து, அதில் தானியப் பயிர்களை மட்டுமே தின்னும் அசுவினியை வேண்டுமென்றே ஏற்றி, அதன்மேல் ஒட்டுண்ணிக் குளவியை விடுவது. அந்த அசுவினி தக்காளிக்கோ வெள்ளரிக்கோ மாறாது. குளவி மட்டும் இந்த அசுவினியையும் பயிரில் வரும் அசுவினியையும் தாக்கும். பயிரில் பூச்சி இல்லாத மாதத்திலும் குளவிக் குடும்பம் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும். ஜாவா வயலில் மட்கும் வைக்கோல் தானாகச் செய்வதை இங்கே மனிதர் கையால் செய்கிறார்.

இந்த வழியின் பலவீனம் என்ன? எல்லா இடத்திலும் ஒரே பலன் தராது. 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 132 ஆய்வுகளிலிருந்து 6,759 இடங்களின் தரவை ஒன்றாகப் போட்டுப் பார்த்தது. சுற்றியுள்ள நிலத்தில் இயற்கைத் தாவரம் கூடினால் சில இடங்களில் தின்பூச்சி குறைந்தது, சில இடங்களில் கூடியது, சில இடங்களில் ஒன்றும் மாறவில்லை. ஆகவே ஒரு ஓரத்தில் ஒரு துண்டு நட்டுப் பார்த்து, பூவில் யார் வந்து உட்காருகிறார்கள், பயிரில் யார் முட்டையிடுகிறார்கள் என்று கவனித்துவிட்டு விரிப்பதுதான் சரி. ஒரு பருவத்தில் முடிந்துவிடும் குறுகிய காலப் பயிருக்கு இது பலன் காட்டுவதற்குள் அறுவடை வந்துவிடலாம்.

அழைப்பது

செடி தானாகவே அழைக்கிறது என்பது 1980-களின் பிற்பகுதியில் உறுதியானது. சிலந்திப் பேன் கடித்த லிமா அவரை ஒரு தனி வாசனைக் கலவையை விடுகிறது, அதை முகர்ந்து பெர்சிமிலிஸ் வருகிறது என்று நெதர்லாந்தில் டிக்கேயும் சபெலிஸும் காட்டினார்கள். 1990-இல் டர்லிங்ஸும் கூட்டாளிகளும் மக்காச்சோளத்தில் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள்: இலையைக் கத்தியால் கீறினால் மட்டும் அந்த வாசனை அதே அளவில் வருவதில்லை, படைப்புழுவின் வாய்நீரைக் கீறலில் தடவினால் வருகிறது. தன்னைக் கடிப்பது யார் என்பதற்குச் செடியிடம் ஒரு வகை விடை இருக்கிறது. 2001-இல் கெஸ்லரும் பால்ட்வினும் யூட்டா பாலைவனத்துக் காட்டுப் புகையிலையில் இதை வெளிக்களத்தில் அளந்தார்கள். வாசனையை நம்பி வரும் ஜியோகோரிஸ் என்ற நாவாய்ப்பூச்சி, அந்துகளின் முட்டைகளைத் தின்பதும், தாய் அந்துகள் அந்தச் செடியைத் தவிர்ப்பதும் சேர்ந்து, தின்பூச்சி எண்ணிக்கையை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்க முடியும் என்று கணக்கு வந்தது.

இதைப் படித்ததும் எவருக்கும் தோன்றுவது, அந்த வாசனையைப் புட்டியில் அடைத்துத் தொங்கவிடலாமே என்று. தொங்கவிட்டும் பார்த்தார்கள். மெத்தில் சாலிசிலேட், வலி நிவாரணத் தைலங்களில் வரும் அதே மணம், கண்ணாடி இறக்கைப் பூச்சிகளையும் வேறு சில இரைவிழுங்கிகளையும் உண்மையிலேயே இழுக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்து ஹாப்ஸ் தோட்டங்களில் இது தெரிந்தது. ஆனால் வந்தவை என்ன செய்யும்? அங்கே தீனி இல்லை என்றால் போய்விடும். பொய்யாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், சில இரைவிழுங்கிகள் அந்த வாசனையை மதிக்காமல் இருக்கவும் கற்றுக்கொள்ளும். அவற்றுக்குக் கற்கும் திறன் உண்டு. வாசனை மட்டும் வைப்பதை விட வாசனையும் பூவும் சேர்த்து வைக்கலாம் என்று ஆய்வாளர்கள் யோசனையை மாற்றியது இதனால்தான். தனியாக எடுத்துக்கொண்டால் ஐந்தில் நான் கடைசியாகத் தொடுவது இது.

செடியைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு அதிகம் கவனம் கிடைப்பதில்லை, கிடைக்க வேண்டும். தக்காளித் தண்டைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறதே, அந்தப் பசை மயிர்கள் சிறு பூச்சிகளைச் சிக்க வைக்கும். கூடவே ஸ்விர்ஸ்கி போன்ற உண்ணிகளையும் கண்ணாடி இறக்கைப் புழுவையும் தடுக்கும். குடைமிளகாயில் பிரமாதமாக வேலை செய்த உண்ணி தக்காளியில் தோற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். வாங்குமுன் "எந்தப் பூச்சிக்கு" என்று கேட்பது போதாது, "எந்தச் செடியில்" என்றும் கேட்க வேண்டும்.

பசை எப்போதும் தடை என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் மேடியா என்ற பசைச் செடியில் செத்த ஈக்களைக் கூடுதலாக ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பிணங்களைத் தின்ன, பசையில் நடக்கப் பழகிய இரைவிழுங்கிகள் கூடின. அவை மொட்டைத் துளைக்கும் புழுக்களையும் சேர்த்துத் தின்றன. செடி அதிகம் காய்த்தது. பூச்சி குறைந்த நாளுக்கான தீனியைச் செடியே சேமித்து வைத்திருக்கிறது, பாருங்கள்.

ரகமும் முக்கியம். மக்காச்சோள வேரை வண்டுப் புழு கடித்தால், வேர் ஒரு மணப்பொருளை மண்ணுக்குள் விட்டு, புழுவைக் கொல்லும் நூற்புழுக்களைக் கூப்பிடும். 2005-இல் வெளியான ஆய்வின்படி ஐரோப்பிய ரகங்கள் சிலவற்றில் இது இருக்கிறது, வட அமெரிக்க ரகங்கள் பெரும்பாலும் இதை இழந்துவிட்டன. விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் யாரும் கவனிக்காமல் நழுவிய குணம்.

இரண்டு மூன்றைச் சேர்த்து விட்டால்?

பல வகை இரைவிழுங்கி இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பதில், யார் யாரோடு என்பதில் இருக்கிறது.

1998-இல் லோசியும் டென்னோவும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏழு புள்ளிப் பொறிவண்டு இலையில் நடமாடினால் பட்டாணி அசுவினிகள் பயந்து தொப்பென்று தரையில் குதிக்கின்றன. தரையில் வேறு யாரும் இல்லையென்றால் மறுபடி ஏறிவிடும். தரை வண்டு காத்திருந்தால் ஏற வழியில்லை. இரண்டும் சேர்ந்து தின்றது, தனித்தனியாகத் தின்றதன் கூட்டுத்தொகையை விட அதிகம்.

நேர் எதிரானது 1993-இல் ரோசன்ஹைமும் கூட்டாளிகளும் கலிபோர்னியப் பருத்தியில் கண்டது. கண்ணாடி இறக்கைப் புழுக்கள் மட்டும் இருந்தபோது அசுவினி அடங்கியது. கூடவே நாவாய் வகை இரைவிழுங்கிகளைச் சேர்த்தபோது, அவை கண்ணாடி இறக்கைப் புழுக்களையே தின்றன, அசுவினி தப்பித்தது. இரண்டு சோதனைகளுக்கும் உள்ள வித்தியாசம், வேட்டைக்காரர்கள் ஒரே இடத்தில் மோதினார்களா, மேல் தளம் கீழ்த்தளம் என்று பிரிந்திருந்தார்களா என்பது. மோதினாலும் ஒளிய இடம் கொடுத்தால் சேதம் குறையும்: உப்புச் சதுப்புப் புல்வெளியில் காய்ந்த புல் படுகை தடிமனாக இருந்த இடத்தில், சிலந்தி மிரிட் நாவாய்ப்பூச்சியைத் தின்பது குறைந்து, இரண்டும் தத்துப்பூச்சியை நன்றாக அடக்கின என்று ஃபிங்கேயும் டென்னோவும் 2002-இல் எழுதினார்கள். செடியடியில் மூடாக்குப் போடுவதற்கு இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதை எடுப்பது?

மூடிய குடில், பூச்சி வந்துவிட்டது: அதற்கென்றே உள்ள இரைவிழுங்கியை வாங்கி, கூட்டம் இருக்கும் இடத்திலேயே விடுங்கள். மூடிய குடில், பூச்சி இன்னும் வரவில்லை: மகரந்தத்தில் பிழைக்கும் வகை, அல்லது வாற்கோதுமைத் தொட்டி. திறந்த வெளியில் பல ஆண்டு நிற்கும் மரமோ புதரோ: தங்க வைப்பதற்கு ஈடு இல்லை, பணத்தைப் பூவிலும் புல்லிலும் போடுங்கள். திறந்த வெளியில் சில வாரக் கீரை மாதிரியான பயிர்: பொறுத்திருந்து எதிரிகளை எண்ணுங்கள், அளவு மீறினால் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை உதிர்ப்பது போதும். வைரஸ் பரவும் பயிர்: இந்த ஐந்தையும் நம்பி இருக்காதீர்கள், எதிர்ப்புள்ள ரகமும் பூச்சி நுழையாத வலையும்தான் முதல் வேலை.

எதை எடுத்தாலும், விடுமுன் செடியில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் விடும் தேன் துளிக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கும், பொறிவண்டையும் குளவியையும் கடித்து விரட்டும். தண்டைச் சுற்றி ஒரு பசைப்பட்டை கட்டி எறும்பை நிறுத்திய பிறகே மற்றதெல்லாம். இதற்கு ஒரு விதிவிலக்கு முசுறு எறும்பு. கி.பி. 304-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் சீனக் குறிப்பு ஒன்றில், ஆரஞ்சு மரங்களைக் காக்க முசுறுக் கூடுகளைப் பையோடு விற்றது பதிவாகியிருக்கிறது. கம்பளிப்புழு, நாவாய்ப்பூச்சி போன்ற பெரிய பூச்சிகளை அது உண்மையிலேயே அடக்கும். மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் அதே நேரத்தில் வளர்க்கும். உங்கள் மரத்துக்குத் தொல்லை முதல் வகை என்றால் முசுறை விட்டுவையுங்கள். இரண்டாவது வகை என்றால் முசுறை அகற்றும்வரை பொறிவண்டு வாங்க வேண்டாம்.